டாக்டர் ‘பலவீனம்’ என்று எழுதினால் எந்தக் குறியீடு?

உடம்பு முடியாமல் போவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் "அசதியா இருக்கு" என்பார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் "உடம்புல தெம்பே இல்ல" என்பார். எண்பதைத் தாண்டிய பாட்டியைப் பற்றிப் பேசும்போது "தளர்ந்துட்டாங்க" என்போம். பக்கவாதம் வந்தவருக்கு "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்போம். இந்த நான்கில் எதையும் நாம் இன்னொன்றோடு குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் அமெரிக்க மருத்துவமனைச் சார்ட்டில் இந்த நான்குமே பல நேரம் ஒரே சொல்லாக வந்து நிற்கும்: ‘வீக்னஸ்’.

டாக்டர் எழுதியதைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கைக் கற்கத் தொடங்கியவர்கள் தடுக்கி விழும் முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. மென்பொருளின் தேடல் பெட்டியில் ‘வீக்னஸ்’ என்று தட்டியதும் ஒரு பட்டியல் வரும். அதில் பழகிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகத்தான் கை பரபரக்கும். அப்படிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் எழுதிய வாக்கியத்தை இரண்டு முறை படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குறியீடுகளின் முதல் எழுத்து ஆங்கில எழுத்து. அதை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்: எம்62.81, ஆர்53.1 என்று.

நோய்களுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் ‘ஐசிடி’ என்ற இந்த ஏற்பாடு, 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலில் தொடங்கியது. பின்னாளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் பத்தாவது திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. அதை மருத்துவச் சிகிச்சைப் பதிவுக்கு ஏற்றபடி விரித்து அமெரிக்கா வைத்துக்கொண்ட வடிவம்தான் ஐசிடி-10-சிஎம். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே இதுதான் நடைமுறை. ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும் புதுக் குறியீடுகள் சேரும், சில நீங்கும். பதினோராவது திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், அமெரிக்கக் காப்பீட்டு க்ளைம்களில் இன்னும் பத்துதான். எனவே கீழே சொல்வதெல்லாம் ஐசிடி-10-சிஎம் கணக்கு.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொறி

முதலில் இரண்டு குறியீடுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். எம்62.81-இன் பெயர் ‘மசில் வீக்னஸ்’. அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘ஜெனரலைஸ்ட்’, அதாவது உடல் முழுவதும், என்றிருக்கும். ஆர்53.1-இன் பெயர் வெறும் ‘வீக்னஸ்’.

இப்போது சார்ட்டில் டாக்டர் ‘ஜெனரலைஸ்ட் வீக்னஸ்’ என்று எழுதியிருக்கிறார். எதைப் போடுவீர்கள்? புதியவர்களில் பெரும்பாலோர் எம்62.81 என்பார்கள். ‘ஜெனரலைஸ்ட்’ என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறதே!

குறியீட்டு நூலின் அகரவரிசை இன்டெக்ஸைத் திறங்கள். ‘வீக்னஸ்’ என்ற தலைப்புச் சொல்லுக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ‘ஜெனரலைஸ்ட்’ இருக்கிறது. அது காட்டும் இடம் ஆர்53.1. அதற்குக் கீழே உள்தள்ளி ‘மசில்’ என்று ஒரு வரி. அது காட்டும் இடம்தான் எம்62.81. இன்டெக்ஸில் அடைப்புக்குறிக்குள் வரும் சொல் வெறும் துணைச்சொல். டாக்டர் அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் குறியீடு மாறாது. ஆக, இந்த இரண்டையும் பிரிக்கும் சொல் ‘ஜெனரலைஸ்ட்’ இல்லை, ‘மசில்’தான். டாக்டர் ‘தசை’ என்று சொன்னாரா என்று பாருங்கள். சொன்னால் எம்62.81. உடம்பு முழுக்கத் தெம்பில்லை என்று மட்டும் எழுதினால் ஆர்53.1.

இது வெறும் எழுத்து விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். தெம்பின்மை நோயாளி உணர்ந்து சொல்வது. தசை பலவீனம் டாக்டர் சோதித்துக் கண்டது. காய்ச்சலில் கிடப்பவருக்கு உடம்பு ஓய்ந்திருக்கும், கையை மடக்கிப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தசையில் பலம் அப்படியே இருக்கும். தசைநோய் உள்ளவருக்கு நேர்மாறு: அலுப்பு பெரிதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. இரண்டும் வேறு வேறு பரிசோதனைகளுக்கும் வேறு வேறு சிகிச்சைகளுக்கும் கொண்டுபோகும்.

இன்டெக்ஸ் காட்டியதோடு நிறுத்தாமல், குறியீடுகளை எண்வரிசையில் அடுக்கிய டேபுலர் பட்டியலிலும் சரிபாருங்கள். ஆர்53.1-இன் கீழே ‘எக்ஸ்க்ளூட்ஸ்1’ என்ற குறிப்பில் எம்62.81 இருக்கும். ஒரே நிலைமைக்கு இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது என்று அதற்குப் பொருள். பாதுகாப்புக்கு இரண்டையும் போட்டுவைப்போம் என்று நினைப்பவர்களை அந்தச் சிறிய குறிப்பு தடுத்து நிறுத்தும். அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள்: வயதால் வரும் தளர்ச்சிக்கான ஆர்54, சார்கோபீனியா எனப்படும் தசை இழப்புக்கான எம்62.84. பின்னது 2016 அக்டோபரில்தான் தனிக் குறியீடாக வந்தது. டாக்டர் ‘ஃப்ரெயில்’ என்றோ முதுமைத் தளர்ச்சி என்றோ எழுதினால் ஆர்54-க்குப் போகலாம். நோயாளிக்கு எண்பத்தெட்டு வயது என்பதால் நீங்களாகவே போகக்கூடாது.

அசதி வேறு

களைப்பு, சோர்வு, மந்தம் இவை ஆர்53.83. ‘ஃபட்டீக்’, ‘லெதார்ஜி’, ‘டயர்ட்னஸ்’ மூன்றும் அங்கேதான் போகும். நீண்ட நாள் உடல்நலிவு, ‘டெபிலிட்டி’, ‘மலேஸ்’ என்றால் ஆர்53.81. புற்றுநோயோடு வரும் களைப்புக்கு ஆர்53.0, அதற்கு முன்னால் புற்றுநோயின் குறியீடு வர வேண்டும். ‘நாள்பட்ட களைப்பு’ என்று மட்டும் எழுதினால் ஆர்53.82. ஆனால் ‘க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ என்று எழுதியிருந்தால் அது நரம்பு மண்டல அத்தியாயத்துக்குப் போய்விட்டது: 2022 அக்டோபர் முதல் ஜி93.32. பழைய குறிப்பேட்டில் படித்துவிட்டு இன்னும் ஆர்53.82 போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ‘சிண்ட்ரோம்’ என்ற ஒரு சொல் அத்தியாயத்தையே மாற்றிவிடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் என்றால்

இடம் குறிப்பிட்ட பலவீனம் வந்தால் எம்62.81, ஆர்53.1 இரண்டையும் மறந்துவிடுங்கள். முகம் ஒரு பக்கம் தொங்கினால் ஆர்29.810. அதற்குக் காரணம் பெல்ஸ் பால்சி (முக நரம்பு வாதம்) என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஜி51.0 மட்டும் போதும். ஒரு காலில் மட்டும் பலவீனம், காரணம் தெரியவில்லை என்றால் அதற்கென்று பொருத்தமான தனிக் குறியீடு கிடையாது. தசை எலும்பு மண்டலத்தின் பிற அறிகுறிகளுக்கான ஆர்29.898-ஐத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலுக்கு உடல் முழுவதையும் குறிக்கும் எம்62.81-ஐ மாட்டிவிட்டால் சார்ட்டும் க்ளைமும் வேறு வேறு கதை சொல்லும்.

பக்கவாதத்தில்தான் கவனம் கூட வேண்டும். ‘லெஃப்ட் சைடட் வீக்னஸ்’ என்று மட்டும் இருந்தால் அது அறிகுறி. அந்தப் பலவீனம் ஸ்ட்ரோக்கால் வந்தது என்று டாக்டர் தெளிவாக இணைத்து எழுதியிருந்தால், அது ஹெமிபாரெசிஸ்தான், அதாவது உடலின் ஒரு பக்கப் பலவீனம். அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் வெளியிடும் ‘கோடிங் கிளினிக்’ 2015-இன் முதல் காலாண்டிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அப்போது ஜி81 குடும்பத்துக்குள் நுழைகிறீர்கள். அங்கே எந்தப் பக்கம் என்பதோடு இன்னொரு கேள்வியும் வரும்: நோயாளி வலதுகைப் பழக்கமா, இடதுகைப் பழக்கமா? பழகிய கை விழுந்தவருக்கும் மற்றக் கை விழுந்தவருக்கும் அன்றாட வாழ்க்கை ஒன்றாக இருக்காது. எழுதும் கை, உண்ணும் கை எது என்பதைப் பொறுத்துத்தானே மறுவாழ்வுப் பயிற்சியே. சார்ட்டில் இந்தத் தகவல் இல்லாவிட்டால் வழிகாட்டி விதி ஒரு வழி தருகிறது. வலப்பக்கம் பாதித்திருந்தால் அதுவே பழகிய பக்கம் என்றும், இடப்பக்கம் பாதித்திருந்தால் பழகாத பக்கம் என்றும் கொள்ளலாம். இரு கைப் பழக்கம் உள்ளவருக்கு எந்தப் பக்கம் பாதித்தாலும் அது பழகிய பக்கம்தான்.

ஆக, புதிதாக வந்த ஸ்ட்ரோக்கோடு இடப்பக்கப் பலவீனம் என்றால் ஐ63.9 முதலில், ஜி81.94 அடுத்து. ஆறு மாதம் கழித்து அதே நோயாளி அதே பலவீனத்தோடு வந்தால், இப்போது அது பின்விளைவு, ஐ69.354 என்ற ஒரே குறியீட்டுக்குள் ஸ்ட்ரோக்கும் பலவீனமும் சேர்ந்துவிடும்.

ஒரு சார்ட்டைக் கையில் எடுப்போம்

நான் உருவாக்கிய மாதிரி இது. அறுபத்தெட்டு வயதுப் பெண், புறநோயாளி. இரண்டு மாதமாக மாடிப்படி ஏற முடியவில்லை, தாழ்வான இருக்கையிலிருந்து எழச் சிரமம், தலைமுடியை வாரக் கையைத் தூக்கினால் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறார். பரிசோதனைப் பகுதியில் ‘ஹிப் ஃப்ளெக்ஸர்ஸ் 4/5, டெல்டாய்ட்ஸ் 4/5, இருபுறமும்’ என்றிருக்கிறது. அதாவது தொடையைத் தூக்கும் தசைகளிலும் தோள் தசைகளிலும் பலம் ஐந்துக்கு நான்கு.

இந்த 4/5 எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர் நோயாளியைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்துத் தொடையைத் தூக்கச் சொல்வார். முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து அழுத்துவார். முழுப் பலத்தோடு தொடை தாக்குப்பிடித்தால் 5. கொஞ்சம் எதிர்த்து நின்றுவிட்டுத் தணிந்தால் 4. அழுத்தம் ஏதும் இல்லாதபோது மட்டும் தூக்க முடிந்தால் 3. தூக்கவே முடியாமல், ஒருக்களித்துப் படுத்த நிலையில் மட்டும் தொடையை மடக்க முடிந்தால் 2. தசை சிலிர்ப்பது மட்டும் தெரிந்தால் 1. அதுவும் இல்லையென்றால் 0. நோயாளியின் சொல்லை எண்ணாக மாற்றும் வேலை அந்த உள்ளங்கையில் நடக்கிறது.

ஆனாலும் 4/5 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் தசை பலவீனம் என்று குறியீடு போட முடியாது. அது கண்டுபிடிப்பு மட்டும். அதற்கு என்ன பெயர் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டின் குறிப்பில் ‘மசில் வீக்னஸ்’ என்று பத்து இடத்தில் இருந்தாலும் நோயின் பெயருக்கு அது ஆதாரமாகாது. எனவே கீழே இறங்கி, டாக்டரின் முடிவு இருக்கும் ‘அசெஸ்மென்ட்’ பகுதிக்கு வாருங்கள். அங்கே இப்படி இருக்கிறது: ‘ப்ராக்ஸிமல் மசில் வீக்னஸ், ஸ்டேட்டின் மயோபதி என்று சந்தேகம். ஸ்டேட்டினை நிறுத்துகிறேன். நான்கு வாரத்தில் மீண்டும் வரவும்.’

‘மயோபதி’ (தசைநோய்) என்ற பெயரைக் கண்டதும், மருந்தால் வரும் மயோபதிக்கான ஜி72.0-க்கு ஓடத் தோன்றும். நில்லுங்கள். முன்னால் ‘சந்தேகம்’ என்று இருக்கிறதே. புறநோயாளிகளுக்கான வழிகாட்டி விதிகளின் நான்காம் பிரிவு இதில் கண்டிப்பானது. ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’, ‘வாய்ப்பு உண்டு’, ‘இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும்’ என்று எழுதிய எதையும் உறுதியான நோயாகப் பதியக்கூடாது. அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது எதுவோ அதைத்தான் பதிய வேண்டும். இங்கே அது தசை பலவீனம். எம்62.81. அவ்வளவுதான்.

இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். ஒரு க்ளைமில் பதிந்த நோய் அந்த மனிதரை விட்டு எளிதில் போகாது. அடுத்த டாக்டர் பார்ப்பார், காப்பீட்டு நிறுவனம் பார்க்கும். சந்தேகப்பட்டு இல்லையென்று ஆன நோயை அவர் காலம் முழுக்கச் சுமக்க நாம் காரணமாகக் கூடாது.

நான்கு வாரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வருகிறார். மாத்திரையை நிறுத்தியதும் பலம் திரும்பியிருக்கிறது. டாக்டர் இப்போது ‘ஸ்டேட்டினால் வந்த மயோபதி’ என்று உறுதியாக எழுதுகிறார். இன்றைக்கு ஜி72.0 முதலில். அதையடுத்து, சரியாகச் சாப்பிட்ட மருந்தாலேயே வந்த தீங்கு என்பதைக் காட்ட டி46.6எக்ஸ்5ஏ (இந்த ‘டி’ ஆங்கில T). எம்62.81 போய்விட்டது. மயோபதி என்றாலே தசை பலவீனம் அதற்குள் அடக்கம். நோயோடு வழக்கமாகவே வரும் அறிகுறியைத் தனியாக எழுதக்கூடாது. அந்த நோயோடு சம்பந்தமில்லாத அறிகுறி ஏதாவது இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘ப்ராபபிள் ஸ்டேட்டின் மயோபதி’, அதாவது பெரும்பாலும் அதுவாக இருக்கலாம், என்று இருந்திருந்தால்? அங்கே விதி தலைகீழ். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் நேரத்தில் ‘ப்ராபபிள்’ என்றிருந்தால் உறுதியான நோய் போலவே பதிய வேண்டும். ஒரே சொல், ஒரே நோயாளி. கட்டிலில் படுத்திருந்தாரா, நடந்து வந்து திரும்பினாரா என்பதை வைத்துக் குறியீடு மாறுகிறது. எனவே சார்ட்டைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இது எந்த வகை வருகை என்பதைத்தான்.

கடைசி வரி வரைக்கும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவசரப் பிரிவுச் சார்ட் ஒன்று. மேலேயே பெரிதாக ‘வந்த காரணம்: வீக்னஸ்’ என்று இருந்தது. ஆர்53.1 போட்டு அனுப்பிவிட்டேன். தணிக்கையில் திரும்பி வந்தது. டாக்டர் இறுதியில் ஒரே வரியில் ‘பொட்டாசியம் குறைவால் பலவீனம், பொட்டாசியம் ஏற்றப்பட்டது’ என்று எழுதியிருந்தார். நோயின் பெயர் கிடைத்துவிட்டது, இ87.6தான் முதலில் வந்திருக்க வேண்டும். நோயாளி சொல்லிக்கொண்டு வந்ததைப் பதிந்தேன், டாக்டர் கண்டுபிடித்ததை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து எந்தச் சார்ட்டையும் அடியிலிருந்து மேலே ஒரு முறை, மேலிருந்து அடிக்கு ஒரு முறை படிப்பது பழக்கமாகிவிட்டது.

பணமும் இதில் இருக்கிறது. எம்62.81 அமர்ந்திருப்பது அறிகுறிகளின் அத்தியாயத்தில் இல்லை, தசை எலும்பு நோய்களின் அத்தியாயத்தில். அதனால் அது ஒரு முழு நோய் என்ற எண்ணம் வரும். முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் அப்படிப் பார்ப்பதில்லை. தேர்ந்த செவிலியர் இல்லங்களுக்கு 2019 அக்டோபர் 1-இல் வந்த பிடிபிஎம் கட்டண முறையிலும், வீட்டு மருத்துவச் சேவைக்கு 2020 ஜனவரி 1-இல் வந்த பிடிஜிஎம் முறையிலும் எம்62.81-ஐ முதன்மை நோயாகப் போட்டால் ஏற்பதில்லை. அதற்கு முன்பு மறுவாழ்வுப் பயிற்சிக்கு வந்தவர்கள் பலருக்கும் கை போன போக்கில் அந்தக் குறியீட்டைப் போட்டுப் பழகியவர்கள் அப்போது திணறினார்கள். பலவீனம் எதனால் என்று சொன்னால்தான் எவ்வளவு பயிற்சி, எத்தனை நாள் என்று கணக்கிட முடியும் என்பது அந்த முறைகளின் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இடுப்பெலும்பு உடைந்து படுத்தவரின் பலவீனமும் பார்க்கின்சன் நோயாளியின் பலவீனமும் ஒரே மாதிரிச் சரியாவதில்லை.

எழுதியது போதவில்லை என்றால்

டாக்டரிடம் கேளுங்கள். இதைத்தான் ‘குவரி’ என்கிறோம். கேட்கும் விதம் முக்கியம். "இது மயஸ்தீனியாதானே?" என்று ஒரு தசை பலவீன நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பது டாக்டரின் வாயில் சொல்லை வைப்பது, அப்படிக் கேட்கவே கூடாது. சார்ட்டில் இருப்பதை எடுத்துக் காட்டிவிட்டுப் பதிலை அவரிடமே விட வேண்டும்.

ஒரு மாதிரி பாருங்கள். உள்நோயாளி ஒருவரின் இறுதிக் குறிப்பில் ‘வீக்னஸ்’ என்று மட்டும் இருக்கிறது. ஆனால் உள்ளே மாலை ஆக ஆகக் கண்ணிமை தொங்குகிறது, மெல்லும்போது தாடை ஓய்ந்துவிடுகிறது என்று இரண்டு நாள் குறிப்புகள் சொல்கின்றன. அசிட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று ஆய்வக முடிவு இருக்கிறது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இவ்வளவும் அந்த மயஸ்தீனியாவையே சுட்டியும் நோயின் பெயர் எங்கும் இல்லை. அந்த ஆய்வக முடிவை வைத்து நீங்களே பெயர் சூட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

அப்போது இப்படி எழுதலாம்: "இறுதிக் குறிப்பில் ‘வீக்னஸ்’ என்று உள்ளது. மாலையில் கண்ணிமை தொங்குவதும் மெல்லும்போது சோர்வும் குறிப்புகளில் உள்ளன, ஆன்டிபாடி முடிவு பாசிட்டிவ், பைரிடோஸ்டிக்மின் தொடங்கப்பட்டுள்ளது. இந்தப் பலவீனத்துக்குக் காரணமான நோய் ஏதும் இருந்தால் தயவுசெய்து குறிப்பிடவும். காரணம் தீர்மானிக்க முடியவில்லை என்றால் அதையும் குறிப்பிடலாம்."

மறுநாள் டாக்டர் சார்ட்டில் ஒரு வரி சேர்க்கிறார்: ‘மயஸ்தீனியா கிராவிஸ், திடீர்த் தீவிரம் இல்லை.’ ஆர்53.1 இருந்த இடத்தில் இப்போது ஜி70.00. தொங்கிய இமைக்கும் ஓய்ந்த தாடைக்கும் தனிக் குறியீடு தேவையில்லை. அவை இரண்டும் இந்த நோயின் அங்கங்கள்.